தினமும் 90 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுனா உடம்பு எப்படித் தாங்குது?

கேட்டது இதுதான்: "ஒரே நாள்ல 100 கிலோமீட்டர் ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன், மறுநாள் மாடிப்படி இறங்க முடியல. ஆனா வாரக்கணக்குல சைக்கிள் டூர் போறவங்க மூட்டை முடிச்சோட தினமும் 80, 90னு ஓட்டுறாங்களே, அவங்களுக்கு ஒரு நாள் எப்படித்தான் போகுது?"

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க அன்னிக்கு ஓட்டுனது வேற விளையாட்டு. வீட்டுல இருந்து கிளம்பி, இருக்கறதை எல்லாம் செலவழிச்சுட்டு, திரும்பி வந்து கட்டில்ல விழலாம், யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. டூர்ல மறுநாள் காலைல அதே சீட்ல, அதே புண்ணு மேல, திரும்ப உக்காரணும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனா காலைல எத்தனை மணிக்கு எந்திரிக்கிறதுல இருந்து எந்த கியர்ல ஏறுறதுன்ற வரைக்கும் எல்லா முடிவையும் இது மாத்திடும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுக்கலாம். சைக்கிள் ஒரு 15 கிலோ, சாமான் 20 கிலோ, ஓட்டுற ஆள் 70 கிலோன்னு வச்சுக்கோங்க, மொத்தம் 105. இந்த எடையோட சமதரையில சராசரியா 16, 17 கிலோமீட்டர் வேகம் வந்தா நல்ல வேகம்தான். 90 கிலோமீட்டருக்கு அஞ்சரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல மிதிக்கணும். ஆனா ஆறரைக்குக் கிளம்புன ஆள் 12 மணிக்குப் போய்ச் சேர மாட்டான். தண்ணி பிடிக்க, சாப்பிட, வழி பாக்க, ஸ்வெட்டரைக் கழட்ட, திரும்ப போட, யாராவது நிறுத்தி எங்க இருந்து வர்றீங்கன்னு கேக்க, ஒரு பஞ்சர், ஒரு மரத்தடித் தூக்கம், இப்படியே மூணு நாலு மணியாயிடும். அதனால ரெண்டு மூணு டூர் போனவங்க தூரத்தை கிலோமீட்டர்ல யோசிக்கறதையே விட்டுருவாங்க, இன்னிக்கு எத்தனை மணி நேரம் மிதி, எவ்வளவு ஏத்தம்னுதான் பேசுவாங்க. 50 கிலோமீட்டர் மலைப்பாதை 110 கிலோமீட்டர் சமதரையை விட கஷ்டமா இருக்கலாம்.

காலைல சீக்கிரம் கிளம்பணும்னு எல்லாரும் சொல்வாங்க, வெயிலுக்காகன்னு நினைச்சுப்போம், வெயிலும்தான், ஆனா எனக்கு அதைவிட பெரிய காரணம் காத்து. ராத்திரி பூரா தரை குளிர்ந்து கிடக்கறதால தரையை ஒட்டின காத்து கனமா அசையாம படுத்திருக்கும், மேல ஓடுற வேகமான காத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்காது. சூரியன் ஏறி தரை சூடானதும் கீழ இருக்கறது மேல கிளம்ப, மேல இருக்கற வேகக் காத்து கீழ இறங்க ஆரம்பிக்கும். அதான் 10, 11 மணிக்கு மேல திடீர்னு யாரோ ஃபேன் போட்ட மாதிரி இருக்கறது. கடலோரம்னா மதியத்துக்கு மேல கடல்ல இருந்து கரைக்கு அடிக்கும், பள்ளத்தாக்குன்னா பகல்ல கீழ இருந்து மேல அடிக்கும். இது தெரிஞ்சா அன்னிக்கு எந்தப் பகுதியைக் காலைல முடிக்கணும்னு ராத்திரியே முடிவு பண்ணிடலாம்.

எதிர்க்காத்து ஏன் இவ்வளவு கொல்லுதுன்னா, காத்து தடுக்கிற விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். நீங்க 16ல போறீங்க, எதிர்ல 15ல காத்து வருது, அப்ப உங்க உடம்பு 31 கிலோமீட்டர் காத்தைச் சந்திக்குது, விசை கிட்டத்தட்ட நாலு மடங்கு. அந்த நேரத்துல 16லயே போவேன்னு அடம் பிடிக்கறவன் மூணு மணிக்கு ரோட்டோரம் உக்காந்திருப்பான். பேசாம கியரைக் குறைச்சு 10, 11க்கு இறங்கிடணும். மலைன்னா உச்சி கண்ணுக்குத் தெரியும், ஏறிட்டா இறக்கம்னு ஒரு கூலி கிடைக்கும். எதிர்க்காத்துக்கு உச்சியும் கிடையாது கூலியும் கிடையாது, அதான் மனசு அதுல சீக்கிரம் உடையுது. நான் அந்த மாதிரி நாள்ல ஸ்பீடு காட்டுற மீட்டரை பைக்குள்ள போட்டுடுவேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு ரெண்டு நிமிஷம் பாக்கணும். டயரை கட்டைவிரல்ல அழுத்தி, சக்கரத்தைச் சுத்திவிட்டு, பிரேக்கைப் பிடிச்சு, செயினைப் பாத்து, அப்புறம் கேரியரை ஃப்ரேமோட பிடிச்சிருக்கற அந்தச் சின்ன போல்டுங்க. இதை யாரும் பாக்கறதே இல்ல, நானும் பாக்கல, மூணாவது நாள் ஒரு போல்ட் எங்கயோ விழுந்து கேரியர் ஒரு பக்கமா சாஞ்சு பை ஸ்போக்ஸ்ல உரசுற சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சது. 20 கிலோ சாமான் நாள் பூரா குலுங்கும்போது எந்த போல்டும் தானா கழண்டு வரும். அன்னிக்கு ரெண்டு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டி ஓட்டுனேன், இப்பல்லாம் தினமும் காலைல ஒரு ஆலன் கீ அந்த போல்டுங்க மேல ஒரு சுத்து போய்ட்டு வரும்.

இனிமே முக்கியமான விஷயம், முதல் ஒண்ணரை மணி நேரம். காலு ஃப்ரெஷ்ஷா இருக்கும், காத்து இருக்காது, ரோடு காலியா இருக்கும், பறக்கணும்னு தோணும். அந்தக் காலு சொல்றதை நம்பாதீங்க. உடம்புல சர்க்கரைச் சத்து கிளைகோஜனா ஈரல்ல ஒரு 100 கிராம், தசைகள்ல ஒரு 300, 400 கிராம்னு சேமிப்பா இருக்கும், எல்லாம் சேத்தா 1600ல இருந்து 2000 கலோரி. கொழுப்பு சேமிப்பு எவ்வளவு ஒல்லியான ஆளுக்கும் பல மடங்கு இருக்கும், ஆனா அதை எரிக்கறது மெதுவாத்தான் நடக்கும். மெதுவா மிதிச்சா கொழுப்பு பெரும்பங்கு கொடுக்கும், வேகத்தைக் கூட்டக் கூட்ட உடம்பு கிளைகோஜனுக்கு மாறிடும். அதாவது காலைல அரை மணி நேரம் முன்னாடி போய்ச் சேரலாம்னு அவசரப்பட்டு எரிச்சது மதியத்துக்கு வச்சிருந்த பணம். அளவுகோல் ஒண்ணுதான், பக்கத்துல ஒருத்தர் ஓட்டிட்டு வந்தா அவர்கூட முழு வாக்கியமா பேச முடியணும். ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குச்சுன்னா கியரைக் குறைங்க.

சாப்பாடும் இதோட சேந்ததுதான். இந்த வேகத்துல மணிக்கு ஒரு 400 கலோரி போகும்னு வச்சுக்கலாம், அதுல மணிக்கு 30ல இருந்து 60 கிராம் மாவுச்சத்தை உள்ள தள்ளிக்கிட்டே இருந்தா வண்டி ஓடும். ஒரு வாழைப்பழத்துல 25 கிராம் பக்கம் இருக்கும், அதை வச்சுக் கணக்கு போட்டுக்கோங்க. பசிக்கட்டும் சாப்பிடலாம்னு இருந்தா லேட். எனக்கு ஒரு தடவை ஆச்சு, போக வேண்டியது இன்னும் 12 கிலோமீட்டர்தான், அங்க போய் சாப்பிட்டுக்கலாம்னு ரெண்டு மணி நேரமா வெறும் தண்ணியோட ஓட்டிட்டு இருந்தேன். முதல்ல காரணமே இல்லாம கோவம் வந்துச்சு, ரோடு மேல கோவம், பின்னால ஹாரன் அடிச்ச லாரி மேல கோவம். அப்புறம் விரல் நடுங்குச்சு, கியரை மாத்தணும்னு தெரியுது ஆனா எந்தப் பக்கம் தள்ளணும்னு யோசிக்க வேண்டியிருந்துச்சு, சமதரையே ஏத்தம் மாதிரி ஆயிடுச்சு. இறங்கி சாமான் பையோட அடியில நசுங்கிக் கிடந்த ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தூளோட வாய்ல கொட்டிக்கிட்டு உக்காந்தேன், கால் மணி நேரத்துல உலகம் பழையபடி ஆச்சு. மூளைக்கு ரத்தத்துல இருக்கற சர்க்கரைதான் தீனி, ஈரல் சேமிப்பு காலியானா முதல்ல குழம்பறது மூளைதான், அதனால டூர்ல ஓட்டிட்டு இருக்கும்போது சும்மா எரிச்சல் வந்துச்சுன்னா நான் சண்டை போடறதுக்கு முன்னாடி எதையாவது தின்னுடுவேன்.

இந்த 'பசிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடி குடி'ன்ற விதி புதுசு இல்ல. பிரான்ஸ்ல பால் த விவீன்னு ஒருத்தர் இருந்தார், 1853ல பொறந்து 1930ல இறந்தவர், வெலோசியோன்ற பேர்ல எழுதுவார், சைக்கிள் டூர் போறவங்களுக்குன்னு ஏழு விதி வச்சார். குளிர்றதுக்கு முன்னாடி போத்திக்கோ, முதல் சில மணி நேரம் தெம்பா இருக்கும்போதுதான் அடக்கி ஓட்டு, வறட்டுப் பெருமைக்காக மிதிக்காதேன்னு எல்லாம் அதுல வரும். அந்தக் கடைசி விதியை மீறாதவன் யாரும் இருக்க மாட்டான்னு நினைக்கிறேன், ஏத்தத்துல பின்னால இருந்து ஒருத்தன் சாமான் இல்லாத லேசான வண்டியில தாண்டிப் போகும்போது நம்ம காலு தானா வேகமாகுது பாருங்க, அதுதான். கியர் மாத்துற சைக்கிளுக்காக அந்தக் காலத்துலயே வாதாடுனவர் அவர். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துலயோ, செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளி கியரை மாத்துற டிரெயிலியர்ன்ற கருவியை 1937ல தான் அனுமதிச்சாங்க.

தண்ணியைப் பொறுத்தவரை, வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வியர்வை போறது சாதாரணம், போற அளவு ஆளாளுக்கு மாறும். மூத்திரம் அடர் மஞ்சளா இருந்தா பத்தலைன்னு அர்த்தம். ஆனா பயந்துகிட்டு லிட்டர் லிட்டரா வெறும் தண்ணியை மட்டும் ஊத்திக்கிட்டாலும் ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போய் தலைவலி, குமட்டல், அதுக்கு மேல ஆபத்தான நிலைமை வரைக்கும் போகும். உப்பு சேந்தது எதாவது உள்ள போகணும்.

ஏத்தம். இதுல எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து இருக்கு, டூருக்கு விக்கிற நிறைய சைக்கிள்ல கூட சின்ன கியர் போதுமான அளவு சின்னதா இல்ல. கணக்கு பாருங்க. நாள் பூரா ஒரு ஆள் அலுக்காம கொடுக்கக்கூடிய சக்தி ஒரு 100 வாட்னு வைங்க. 105 கிலோவோட 6 சதவீத ஏத்தத்துல 100 வாட்டுக்கு வர்ற வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான், வேகமா நடக்கற வேகம். முன்னாடி பெடல் பக்கத்துச் சக்கரத்துல 34 பல்லு, பின்னாடிச் சக்கரத்துல 28 பல்லுன்னா பெடலை நிமிஷத்துக்கு 35 தடவைதான் சுத்துவீங்க, ஒவ்வொரு சுத்தும் முட்டியைப் போட்டு அமுக்கும். அதுவே முன்னாடி 26 பின்னாடி 34ன்னா 55 சுத்து வரும். அதே வேலை, அதே வேகம், ஆனா ஒவ்வொரு மிதிக்கும் முட்டிக்குப் போற அழுத்தம் மூணுல ஒரு பங்கு குறையுது. நாள் பூரா 20,000 தடவைக்கு மேல மிதிக்கப் போறீங்க, அந்த ஒரு பங்கு சும்மா இல்ல. கியர் தீந்து போச்சுன்னா இறங்கித் தள்ளுங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டோம், வேற தசைக்கு வேலை கிடைச்சதுன்னு நினைச்சுக்கலாம்.

உச்சியில நின்னு போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஜாக்கெட்டைப் போடுங்க, வியர்வையில நனைஞ்ச சட்டையோட 40ல இறங்குனா பல்லு கிட்டும். இறக்கத்துல பிரேக்கை விடாம லேசா பிடிச்சுக்கிட்டே இறங்காதீங்க, அழுத்திப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு விடுங்க, திரும்பப் பிடிங்க. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் கட்டைன்னா ரிம் சூடாகி டியூப் வெடிச்ச கதையெல்லாம் உண்டு.

பஞ்சர் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஒரு நாளைக் கெடுக்கிறது பஞ்சர் இல்ல, ரெண்டாவது பஞ்சர். எப்பவும் பின் டயர்தான், எப்பவும் நிழல் இல்லாத இடத்துலதான். பையெல்லாம் கழட்டி, வண்டியைக் கவுத்து, புது டியூப் போட்டு, காத்தடிச்சு, திரும்ப பையெல்லாம் மாட்டி கிளம்புனா அரை மணி நேரம் போச்சு, ரெண்டு கிலோமீட்டர்ல திரும்பவும் பின்னாடி வண்டி தளதளன்னு ஆடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. இந்தத் தடவை பொறுமையா டியூபுக்குக் காத்தடிச்சு கன்னத்துக்கிட்ட வச்சு ஓட்டையைக் கண்டுபிடிச்சு, வால்வுல இருந்து எத்தனை சாண் தள்ளி இருக்குன்னு அளந்து, டயர்ல அதே இடத்தைப் பாத்தேன். டயர்ல எழுதியிருக்கற கம்பெனி பேரு எப்பவும் வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டி வச்சா இந்த அளவு சுலபமா கிடைக்கும், சும்மா அழகுக்குப் பண்றது இல்ல அது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, விரலுக்கும் தட்டல. ஒரு துணியை உள்பக்கம் வச்சு மெதுவா இழுத்தப்ப ஒரு இடத்துல நூல் மாட்டுச்சு. முடி மாதிரி ஒரு இரும்புக் கம்பி, அரை சென்டிமீட்டர் கூட இருக்காது, டயருக்குள்ள புதைஞ்சு நுனி மட்டும் உள்பக்கம் எட்டிப் பாத்துட்டு இருந்துச்சு. வெடிச்ச லாரி டயர்ல இருந்து உதிர்ற கம்பி அது, பெரிய ரோட்டோட ஓரம் பூரா கிடக்கும். கைல பிடிக்க வராது, நகவெட்டியால கவ்வி எடுத்தேன். அது இருக்கற வரைக்கும் எத்தனை டியூப் மாத்துனாலும் அத்தனையும் போகும். ஒட்டும்போது இன்னொரு விஷயம், உப்புத்தாள் போட்டுத் தேச்சு சொல்யூஷன் தடவுனதும் அவசரப்பட்டு ஒட்டக்கூடாது, பளபளப்பு போய் மங்கலாகுற வரைக்கும் ஒரு அஞ்சு நிமிஷம் காய விட்டுத்தான் பேட்சை அழுத்தணும், ஈரமா ஒட்டுனா வழுக்கிட்டுப் போயிடும்.

இப்ப உங்க மாடிப்படிக்கு வர்றேன். இறங்க முடியலன்னீங்க, எங்க வலிச்சது? தொடை முழுக்க மரத்துப் போன மாதிரி வலின்னா பழக்கமில்லாத வேலைக்கு தசை காட்டுற எதிர்ப்பு, சில நாள்ல தானா போயிடும், அடுத்த தடவை அதே தூரத்துக்கு அவ்வளவு வராது. முட்டிக்கு முன்பக்கம், சில்லுக்கு அடியில வலின்னா கதை வேற, பெரும்பாலும் சீட் தாழ்வா இருக்கும், இல்ல பெரிய கியரைப் போட்டு அமுக்கியிருப்பீங்க, இல்ல ரெண்டும். முட்டிக்குப் பின்பக்கம் வலின்னா சீட் உயரமா இருக்க வாய்ப்பு அதிகம். பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நேரா நீளணும், மிதிக்கறப்ப முன்பாதத்தை வச்சா முட்டி லேசா மடங்கியிருக்கணும், ஆரம்பத்துக்கு இந்த அளவு போதும். ஒரு நாள் ரைடுல அரை சென்டிமீட்டர் தப்பு ஒண்ணும் பண்ணாது, பத்து நாள்ல அது முட்டியைப் படுக்க வச்சிடும். உள்ளங்கையும் அப்படித்தான், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போச்சுன்னா அந்த ஓரத்துல ஓடுற நரம்பை ஹேண்டில்பார் அமுக்குதுன்னு அர்த்தம், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கை பிடிக்கிற இடத்தை மாத்துங்க. சீட்புண்ணுக்கு மருந்து சுத்தமும் காஞ்ச துணியும்தான், பேடு வச்ச சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ள ஜட்டி போடக்கூடாது, தையல் அரைச்சே புண்ணாக்கிடும்.

அதனால போய்ச் சேந்த உடனே படுக்கறது கிடையாது. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும், காலியான கிளைகோஜனை தசை வேகமா இழுத்துக்கறது அப்பதான். ஷார்ட்ஸை அலசிக் காயப் போடணும், ராத்திரி காயலைன்னா மறுநாள் சாமான் பை மேல கட்டிக் காய வச்சுக்கிட்டே போகலாம், பாக்க நல்லா இருக்காது, பரவால்ல. செயினை ஒரு பழைய துணியால துடைச்சு எண்ணெய் விட்டு, மேல இருக்கற எண்ணெயைத் திரும்பத் துடைக்கணும், வெளிய ஒட்டுற எண்ணெய் மண்ணைத்தான் சேக்கும். இதையெல்லாம் முடிச்சு எட்டரைக்குக் கண்ணு சொருகும். சாமான் அதிகம்னு அப்பத்தான் தோணும். 1884ல தாமஸ் ஸ்டீவன்ஸ்னு ஒருத்தர் பெரிய முன்சக்கரம் வச்ச சைக்கிள்ல சான்பிரான்சிஸ்கோல இருந்து உலகத்தைச் சுத்தக் கிளம்புனார், கொண்டுபோனது சாக்ஸ், ஒரு மாத்து சட்டை, கூடாரமாவும் படுக்கையாவும் ஆகுற ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. 1886 டிசம்பர்ல யோகோகாமா போய் முடிச்சார். நான் முதல் டூருக்கு மூணு புத்தகம் எடுத்துட்டுப் போனேன், ஒண்ணைக் கூடத் திறக்கல.

மூணாவது, நாலாவது நாள் ரொம்ப மோசமா இருக்கும், அது உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான். நிறைய பேர் அந்த நாள்லதான் வீட்டுக்குப் போற பஸ்ஸைத் தேடுவாங்க. ஆனா உடம்புக்குள்ள அதுக்குள்ளயே வேலை நடக்க ஆரம்பிச்சிருக்கும், முதல் சில நாள்லயே ரத்தத்துல பிளாஸ்மான்ற நீர்ப்பகுதியோட அளவு கூடும், அதனால அதே ஏத்தத்துக்கு இதயம் கொஞ்சம் குறைவா துடிக்கும், வியர்வையும் சரியா வரும். ரெண்டாவது வாரத்துல முதல் நாள் பண்ண அதே 80 கிலோமீட்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முடிஞ்சிடும். நடுவுல அஞ்சாறு நாளைக்கு ஒரு நாள் வண்டியைத் தொடாதீங்க.

நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணிப் பாருங்க. 100 வேண்டாம், சாமான் பாதி ஏத்திக்கிட்டு சனிக்கிழமை 60, ஞாயித்துக்கிழமை 60. சனிக்கிழமை எவ்வளவு நேரத்துல முடிச்சீங்கன்றது எனக்கு வேண்டாம், ஞாயித்துக்கிழமை காலைல முதல் அரை மணி நேரம் சீட்ல உக்கார எப்படி இருந்துச்சு, முட்டி எந்தப் பக்கம் வலிச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க, சீட்டை ஏத்தறதா இறக்கறதான்னு அதை வச்சுப் பாக்கலாம்.